ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கேத் லேப் சிகிச்சை: வீட்டு வாசலில் இருந்து டிஸ்சார்ஜ் வரை

போன மாசியில் ஒரு நாள் காலை, எங்கள் அப்பா பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து மாட்டுக் கொட்டகையிலேயே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிவிட்டது, பேச்சு வரவில்லை. துறையூரைத் தாண்டி உள்ளே இருக்கும் கிராமம் எங்களுடையது. அங்கிருந்து திருச்சியில் கேத் லேப் (ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) மேஜைக்கு அவரைக் கொண்டு சேர்ப்பதற்குள் ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது. அதில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எங்களுக்கு விவரம் தெரியாததால் போனது. அந்த நேரம் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் சொன்னதையும் நாங்கள் பட்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இது என்ன சிகிச்சை என்று சுருக்கமாக. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி வந்து அடைத்தால், அந்தப் பக்க மூளை நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொடை இடுக்கில் அல்லது மணிக்கட்டில் உள்ள ரத்தக் குழாயில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை நெஞ்சு, கழுத்து வழியாக மூளை வரை ஏற்றி, அந்தக் கட்டியை வலை போன்ற ஸ்டென்ட்டில் பிடித்து இழுக்கிறார்கள், அல்லது உறிஞ்சி எடுக்கிறார்கள். பெயர் மெக்கானிக்கல் த்ராம்பெக்டமி. மண்டையைத் திறப்பதில்லை.

1. எந்த ஆஸ்பத்திரி என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்

உங்கள் வீட்டில் பிபி, சுகர், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் யாராவது இருந்தால் இந்த வேலையை இந்த வாரமே முடியுங்கள். பக்கத்துப் பெரிய ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்கவும். ராத்திரியிலும் சி.டி. ஸ்கேன் எடுப்பீர்களா? கட்டி கரைக்கும் ஊசி கையிருப்பில் இருக்கிறதா? மூளை அடைப்பைக் குழாய் விட்டு எடுக்கும் டாக்டர் 24 மணி நேரமும் வருவாரா?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "எங்களிடம் கேத் லேப் இருக்கிறது" என்பார்கள். அது இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேப்பாக இருக்கலாம். மூளைக்குச் செய்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நரம்பியல் டாக்டர், நரம்பு அறுவை டாக்டர், ரேடியாலஜி டாக்டர் இவர்களில் யாராவது நியூரோ இன்டர்வென்ஷன் படித்திருப்பார். அவர் வாரத்தில் இரண்டு நாள் வேறு ஊரில் இருந்து வந்து போகிறவராகவும் இருக்கலாம். ஆகவே "எப்போதும் இருப்பாரா" என்று அழுத்திக் கேளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை விட்டுவிடாதீர்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ராத்திரி நேரத்தில் சி.டி.யும் ஊசியும் சீக்கிரம் கிடைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் அதுதான். ஆனால் குழாய் சிகிச்சை எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடையாது. அதையும் முன்கூட்டிக் கேளுங்கள்.

கேட்டதை ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி விடுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், அந்த நேரத்தில் அந்தப் போன் உங்கள் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

2. கை விழுந்ததும் மணியைப் பாருங்கள்

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்கினால் கீழே விழுகிறதா, பேச்சு குழறுகிறதா, நிற்கும்போது ஒரு பக்கம் சாய்கிறாரா, கண் திடீரென்று தெரியவில்லையா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா: இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் போதும், கிளம்ப வேண்டும். சில சமயம் அரை மணியில் தானே சரியாகிவிடும். அப்போதும் போக வேண்டும். பின்னால் வரப்போகும் பெரிய அடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்தை அவர்கள் கேட்கவில்லை. கடைசியாக நன்றாக இருந்ததைக் கண்ணால் பார்த்த நேரம் வேண்டும். நான் "காலையில்" என்றேன். டாக்டர் பொறுமையாக, "காலையிலன்னா அஞ்சு மணியா, ஆறரையாம்மா? அதை வச்சுத்தான் ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்" என்றார். அம்மா பார்த்தது ஆறு நாற்பதுக்கு. அதற்கு முன் அவரை யார் பார்த்தார்கள்? தம்பி சட்டென்று அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டான். பால் சொசைட்டி மெஷின் அடித்துக் கொடுத்த சீட்டு மடங்கிக் கிடந்தது. லிட்டர், கொழுப்பு அளவு, அதற்குக் கீழே நேரம் 5.52. சொசைட்டிக்காரருக்குப் போன் போட்டோம். "நல்லா பேசிட்டுத்தான் போனாரு" என்றார். அந்த 5.52-ஐ வைத்துத்தான் எங்களுக்கு எல்லாம் நடந்தது.

கட்டி கரைக்கும் ஊசிக்குப் பொதுவான எல்லை நாலரை மணி நேரம். குழாய் சிகிச்சைக்கு ஆறு மணி நேரம். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சம் இருப்பது தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். "நேரம் தாண்டிவிட்டது" என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். 2018-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு இந்த எல்லை நீண்டிருக்கிறது. ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று மெதுவாகவும் போகாதீர்கள். அந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைக்காது.

செய்யக் கூடாதவை சில. தண்ணீர், காபி, சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. பிபி ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்காதீர்கள். அடைப்பு இருக்கும்போது பிபி சடாரென்று இறங்கினால் மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் புறா ரத்தம் தேய்க்கலாம் என்று ஆள் அனுப்பவே தொடங்கிவிட்டார். அவர் பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அவரோடு வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் ஒரு சொட்டு பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுகர் மிகவும் இறங்கினாலும் இதே போல் கை கால் விழும். அதைப் பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

3. 108-ல் சொல்ல வேண்டிய வாக்கியம்

"மயங்கி விழுந்துட்டார்" என்று சொல்லாதீர்கள். "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, ஒரு கை கால் வரல, இத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தார்" என்று சொல்லுங்கள். வண்டி வந்ததும் "சி.டி. ஸ்கேன் இருக்கிற இடத்துக்குத்தான் போகணும்" என்று சொல்லுங்கள்.

நாங்கள் தப்பு செய்தது இங்கேதான். பதற்றத்தில் பக்கத்து ஊர் நர்சிங் ஹோமுக்குக் காரில் கொண்டுபோனோம். ஏழு கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சலைன் போட்டார்கள். பெரிய டாக்டர் வரட்டும் என்றார்கள். அங்கே ஸ்கேனே கிடையாது. எட்டு இருபதுக்குத்தான் திருச்சிக்குக் கிளம்பினோம். அந்த ஒரு மணி ஐந்து நிமிடத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் சலைன் மட்டும். முதலுதவி செய்துவிட்டுப் போகலாம் என்று நம் எல்லோருக்கும் தோன்றும். ஸ்ட்ரோக்குக்கு முதலுதவி என்று வழியில் எதுவும் இல்லை. மூச்சுத் திணறல், வலிப்பு, முழு மயக்கம் இருந்தால் மட்டும் அருகில் உள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

வண்டியில் போகும்போதே அந்த ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போன் போட்டு "ஸ்ட்ரோக் கேஸ் வருது, ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். கேத் லேப் ஆட்களைக் கூப்பிட்டு வைக்க அவர்களுக்கு அந்த நேரம் உதவும்.

4. கையோடு எடுக்க வேண்டியது

மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போடுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, அட்டை போதும். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கரைக்கும் ஊசி போடலாமா என்பது அதைப் பொறுத்தது. ஊசி போட முடியாதவருக்கும் குழாய் சிகிச்சை செய்ய வாய்ப்பு உண்டு.

அப்புறம் நோயாளியின் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, கையெழுத்துப் போடப் போகிறவரின் ஆதார், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அது. அசல் கிடைக்காவிட்டால் போனில் படம் போதும், தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பல் செட், மோதிரம், அரைஞாண், தாலி இவற்றை வீட்டிலேயே அல்லது வண்டியிலேயே கழற்றி ஒருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் அறை வாசலில் அரைஞாண் கயிற்றை வெட்டக் கத்தரிக்கோல் தேடியதில் எங்களுக்கு ஐந்து நிமிடம் போனது.

கூடப் போகிறவர்களில் ஒருவர் முடிவெடுக்கும் உரிமை உள்ளவராக இருக்கட்டும்: மனைவி, கணவர், மகன், மகள். இன்னொருவர் பணத்துக்கும் கவுண்ட்டருக்கும். இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தால் டாக்டர் பேச வரும்போது அவர் பில்லிங் வரிசையில் நிற்பார்.

5. ஸ்கேன்

முதலில் சாதா சி.டி. ஐந்து நிமிட வேலை. ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க. கசிவு இருந்தால் வழியே வேறு. ரத்தக் குழாய்ப் புடைப்பு வெடித்துக் கசிவது பற்றிக் கீழே 11-ஆம் பகுதியின் கடைசியில் சொல்லியிருக்கிறேன். கசிவு இல்லை என்றால், உடனே கையில் மருந்து ஏற்றி சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். எந்தக் குழாயில் அடைப்பு என்று அதில்தான் தெரியும். சாதா சி.டி. மட்டும் எடுத்துவிட்டு "நார்மலா இருக்கு, பார்க்கலாம்" என்று சொன்னால் மனம் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சாதா சி.டி. சுத்தமாகவே தெரியலாம். "பெரிய குழாய் அடைச்சிருக்கா, ஆஞ்சியோ பார்த்தீங்களா சார்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கிட்னி ரிப்போர்ட் வரட்டும் என்று பெரும்பாலும் காத்திருக்க மாட்டார்கள். கிட்னிப் பிரச்சினை ஏற்கெனவே இருந்தால், மருந்து ஒவ்வாமை இருந்தால், வாயால் சொல்லிவிடுங்கள்.

படம் எடுத்ததும் அது பதிந்த டிஸ்க் தட்டு அல்லது போன் வழி அனுப்பும் இணைப்பு கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால், அங்கே மறுபடி எடுத்து அரை மணி நேரம் வீணாகாது.

6. ஊசி போட்டாகிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்

ஆல்டிப்ளேஸ், டெனக்டிப்ளேஸ் என்று இரண்டு ஊசிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அப்பாவுக்குப் பத்து ஐந்துக்கு ஊசி போட்டார்கள். நாலரை மணிக் கணக்கில் இன்னும் பதினேழு நிமிடம்தான் மிச்சம் இருந்தது. பெரிய குழாயில் உள்ள பெரிய கட்டியை ஊசி மட்டும் கரைப்பது கடினம். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேத் லேப்புக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். "ஊசி வேலை செய்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்ப்போம்" என்று ஒரு இடத்தில் சொன்னால், அந்த இடத்தில் குழாய் சிகிச்சை இல்லை என்று பொருளாக இருக்கலாம். நேராகக் கேளுங்கள். இல்லை என்றால், ஊசி ஓடும்போதே ஆம்புலன்சில் மாற்றச் சொல்லுங்கள். இப்படி மாற்றுவது வழக்கத்தில் உள்ளதுதான்.

7. கையெழுத்து

ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது கை நடுங்கும். என்னைக் கேட்டால், முடிவை வீட்டில் உள்ள எல்லா மாமா, சித்தப்பாவுக்கும் போன் போட்டு ஓட்டெடுத்து எடுக்காதீர்கள். எங்கள் மாமா பெங்களூரில் இருந்து "இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடு" என்றார். நல்ல எண்ணம்தான். முழங்கால் ஆபரேஷனாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

முடிவெடுக்க உதவும் எண்கள் இவை. 2015-ல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளில் இருந்த 1,287 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்ததில், குழாய் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 46 பேர் மூன்று மாதத்தில் பிறர் உதவி இல்லாமல் வாழும் நிலைக்கு வந்திருந்தார்கள். அது இல்லாமல் மற்ற சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் சொச்சம். மூளைக்குள் பெரிய ரத்தக் கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், நூற்றுக்கு நான்கு பேர். அதாவது சிகிச்சை செய்தாலும் பாதிப் பேருக்கு மேல் முழுதாகத் தேறவில்லை. இதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். டாக்டர் உத்தரவாதம் தரவில்லை என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்: எந்தக் குழாயில் அடைப்பு? மூளை ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது? முழு மயக்கமா, லேசான மயக்கமா? தொடை வழியா, கை வழியா? படிவத்தைத் தமிழில் கேளுங்கள், இல்லாவிட்டால் யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். குழாயில் ஓட்டை விழுவது, கட்டி உடைந்து இன்னொரு கிளைக்குப் போவது, துளை போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவது, படம் எடுக்கும் மருந்தால் கிட்னி பாதிப்பது ஆகிய ஆபத்துகள் அதில் எழுதியிருக்கும்.

8. பணம்

இதை நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் விளக்க மாட்டார்கள்.

எங்கள் பில் மொத்தம் 5,85,000 ரூபாய். பத்து நாள் தனியார் ஆஸ்பத்திரி. அதில் ஊசி 34,000. ஸ்டென்ட், உறிஞ்சும் குழாய், மற்றக் குழாய்கள் எல்லாம் சேர்த்து 2,60,000. கேத் லேப், டாக்டர், மயக்க மருந்து 1,40,000. ஐசியூ நான்கு நாள் 72,000. வார்டு, பரிசோதனை, மருந்து 79,000. ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஆனால் எங்கே பணம் போகிறது என்பதை இது காட்டும். பாதிக்கு அருகில் கருவிக்கே போகிறது. ஆகவே மதிப்பீடு கேட்கும்போது "கருவி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதலில் கேளுங்கள். முதல் வழியில் கட்டி வராமல் இரண்டாவது கருவி திறந்தால் எவ்வளவு கூடும் என்றும் கேளுங்கள்.

அட்வான்சாக எங்களிடம் இரண்டு லட்சம் கேட்டார்கள். தம்பி கையில் இருந்தது எழுபதாயிரம். பில்லிங் மேலாளரிடம் போய், "மீதியை மதியத்துக்குள்ள கட்டிடுறோம், சிகிச்சையை நிறுத்தாதீங்க" என்று எழுதிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவின் வளையல் பதினோரு மணிக்கு அடகுக் கடை திறந்ததும் போனது. யுபிஐ-யில் ஒரு நாளைக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு உண்டு. ஏடிஎம் கார்டுக்கும் உண்டு. இரண்டு மூன்று பேர் கணக்கில் இருந்து சேர்த்துக் கட்டத் தயாராக இருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. எங்களிடம் அட்டை இருந்தது. ஆனால் அது கூட்டுக் குடும்பமாக இருந்தபோது தாத்தா பெயரில் எடுத்தது. பிறகு ரேஷன் கார்டைப் பிரித்தோம், காப்பீட்டு அட்டையை யாரும் மாற்றவில்லை. கவுண்ட்டரில் தட்டிப் பார்த்ததில் அப்பா பெயர் செல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை.

உங்கள் அட்டையை இப்போதே சரிபாருங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். பெயர் இல்லை என்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றாலும் எல்லாச் சிகிச்சைக்கும் சேர்ந்திருக்காது. "ஸ்ட்ரோக்குக்குக் குழாய் சிகிச்சை இங்கே திட்டத்தில் வருமா, கருவிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா" என்று அங்குள்ள திட்ட அலுவலரிடம் கேளுங்கள். அரசு ஊழியர், ஓய்வூதியர் என்றால் அவர்களுக்கான காப்பீடு தனி. இஎஸ்ஐ உள்ளவர்கள் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்.

தனியார் காப்பீடு இருந்தால் போய்ச் சேர்ந்த உடனே பாலிசி எண்ணைக் கொடுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் விதி போட்டிருக்கிறது. தாமதம் செய்தால் அந்த விதியைச் சொல்லுங்கள். அறை வாடகைக்கு வரம்பு உள்ள பாலிசியா என்று பார்த்துவிட்டு அறை எடுங்கள். வரம்பை மீறினால் வாடகையில் மட்டும் பிடிக்க மாட்டார்கள், பில்லின் மற்றப் பகுதிகளிலும் அதே விகிதத்தில் பிடிப்பார்கள். கையுறை, பஞ்சு, சிரிஞ்சு போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் பணம் வராது.

9. கதவுக்கு வெளியே

பத்து ஐம்பதுக்குத் துளை போட்டார்கள், பதினொன்று இருபத்தைந்துக்கு ரத்தம் ஓடத் தொடங்கியது. எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் முடியாது, ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். வெளியே வந்த டாக்டர் ஒரு பஞ்சுத் துணியை விரித்துக் காட்டினார். கருஞ்சிவப்பாக, மிளகாய்க் காம்பு நீளத்துக்கு ஒன்று. அதற்குப் பக்கத்தில் கடுகு போல இரண்டு துணுக்கு. "இதுதாம்மா" என்றார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது கேட்க வேண்டியது: குழாய் முழுவதும் திறந்ததா, பாதியா? இதற்கு டிக்கி கிரேடு என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 2பி, 3 என்றால் நல்லது. சம்மரியில் அதை எழுதச் சொல்லுங்கள்.

10. ஐசியூவும் வார்டும்

தொடை வழி போயிருந்தால் அந்தக் காலைச் சில மணி நேரம் மடக்கக் கூடாது. புரியாத நோயாளி மடக்கப் பார்ப்பார். கட்டு நனைகிறதா, தொடை வீங்குகிறதா, பாதம் சில்லிடுகிறதா என்று பார்வை நேரத்தில் பாருங்கள், மாற்றம் தெரிந்தால் நர்சைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரத்தில் மறுபடி சி.டி. எடுப்பார்கள். ஊசி போட்டவருக்கு அதைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பிரின் போன்றவை தொடங்கும்.

கண்ணைத் திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்கு அன்றே கை அசையும். அப்பாவுக்கு மூன்றாம் நாள்தான் கால் அசைந்தது. பேச்சு ஒரு மாதம் கழித்துத்தான் சொல் சொல்லாக வந்தது. இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் மூளை வீங்கும் அபாயம் உண்டு. அதற்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் கேட்கலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

விழுங்கும் பரிசோதனை செய்யாமல் சொந்தக்காரர் யாரும் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. இளநீர்தானே என்று கொடுத்து நிமோனியாவில் போய் முடிந்ததைப் பக்கத்துப் படுக்கையில் பார்த்தேன். மூக்குக் குழாய் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் அது தற்காலிகம்தான்.

எதனால் கட்டி வந்தது என்று கண்டுபிடித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். எக்கோ, தொடர் இசிஜி, கழுத்துக் குழாய் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது அதில்தான் தெரிந்தது. இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். காரணம் தெரியாமல் வீட்டுக்கு வந்தால் இன்னொரு முறை வரக்கூடும்.

பிசியோதெரபியை வார்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம்தான் அதிகமாகத் தேறும் காலம். பேச்சுப் பயிற்சியாளர் கிராமப் பக்கம் கிடைக்க மாட்டார். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து வீட்டில் செய்யும் பயிற்சியை வீடியோ எடுத்துக்கொண்டோம். அப்பாவுக்குப் பயன்பட்டது அதுதான். மாடுகளின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் திரும்பப் பிடித்தார்.

11. அவசரம் இல்லாமல் நாள் குறித்துச் செய்பவர்களுக்கு

ரத்தக் குழாயில் புடைப்பு, கழுத்துக் குழாய் சுருக்கம், பிறவியிலேயே குழாய்கள் பின்னிக் கிடப்பது: இவற்றுக்கும் இதே வழியில் சிகிச்சை உண்டு. முதல் படி டி.எஸ்.ஏ. என்னும் குழாய்ப் படம். அதற்கு முன் கிட்னி, ரத்தம் உறையும் தன்மை ஆகிய பரிசோதனைகள் எடுக்க வேண்டும். சில மணி நேரம் வெறும் வயிறு. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

புடைப்புக்குள் பிளாட்டினச் சுருள் வைத்து அடைப்பது காயிலிங். ஒரு புடைப்புக்கு எத்தனை சுருள் போகும் என்று உள்ளே போனால்தான் தெரியும், சுருளுக்குச் சுருள் காசு. ஆகவே மதிப்பீட்டைக் குறைந்தது, அதிகபட்சம் என்று இரண்டாக எழுதி வாங்குங்கள். ஸ்டென்ட் அல்லது ஃப்ளோ டைவர்ட்டர் (புடைப்புக்குள் ரத்தம் போகாமல் திருப்பிவிடும் வலைக் குழாய்) வைப்பதாக இருந்தால், அதில் ரத்தம் உறையாமல் இருக்கச் சில நாள் முன்பே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தொடங்குவார்கள். பின்னாலும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், குழாய் சிகிச்சை செய்த டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

இடி விழுந்தது போல, வாழ்நாளில் கண்டிராத தலைவலி திடீரென்று வந்தால், அது புடைப்பு வெடித்ததாக இருக்கலாம். இதற்கு நாள் குறிப்பது கிடையாது, 108-தான். வெடித்தவருக்கு நிமோடிபின் மாத்திரை நான்கு மணிக்கு ஒரு முறை, 21 நாள் கொடுப்பது வழக்கம். நான்காம் நாளில் இருந்து இரண்டு வாரம் வரை குழாய்கள் சுருங்கும் அபாயம் உண்டு என்பதால் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அதற்கும் சேர்த்துப் பணம் கணக்குப் போடுங்கள்.

12. டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

கணக்கு முடிக்கும் நாள் அரை நாள் ஆகும், பொறுமையோடு போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் விழுந்த நேரம், ஊசி போட்ட நேரம், துளை போட்ட நேரம், எந்தக் குழாய், கட்டி வந்த காரணம் எல்லாம் இருக்கிறதா என்று வாசியுங்கள். எங்கள் சம்மரியில் இடது மூளை என்பது வலது என்று அடித்திருந்தது. அங்கேயே திருத்தி வாங்கினோம். பிறகு திருத்துவது என்றால் திரும்ப திருச்சி போக வேண்டும்.

கேத் லேப் படங்களும் ஸ்கேன்களும் உள்ள தட்டு. பிரிவு பிரிவாக எழுதிய பில், பணம் கட்டிய அசல் ரசீதுகள், மருந்துக் கடை பில்கள். கருவிப் பெட்டியில் இருந்து எடுக்கும் ஸ்டிக்கர், அதன் விலைப் பட்டியல். காப்பீட்டுப் பணம் பின்னால் கேட்பவர்களுக்கு ஸ்டிக்கர் இல்லாமல் கருவிக்கான தொகை கிடைப்பது கடினம். உடலுக்குள்ளேயே விட்டிருக்கும் ஸ்டென்ட், சுருள் என்றால், நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் அந்த விவரத்தைக் கேட்பார்கள். ரத்து செய்த காசோலை ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று பாலிசியில் பாருங்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் வாங்கும் மாத்திரை, பிசியோதெரபி ரசீதுகளையும் குறிப்பிட்ட நாள் வரை ஏற்பார்கள், தூக்கிப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் நேர வரிசைப்படி போடுங்கள். மூன்று மாதம் கழித்துக் காட்டப் போகும்போது அந்தக் கோப்பையும் படத் தட்டையும் எடுத்துப் போக வேண்டும். எங்கள் கோப்பில் முதல் தாளாக அந்தப் பால் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறோம். வெப்ப மை என்பதால் எழுத்து மங்குகிறது, அதனால் நகல் எடுத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.